சாம்பிராணிப் புகை போன வழி

எழுபதுகளின் பின்பாதி. மெல்பேர்ணுக்கு மேற்கே வெரிபீயில் நாங்கள் குடியேறி இரண்டாவது குளிர்காலம். இன்று வீட்டோடு வீடு முட்டிக்கொண்டு நிற்கிற வெரிபீ இல்லை அது. எங்கள் தெருவோடு ஊர் முடிந்துவிடும். அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் பூக்கோவா என்று நாங்கள் சொல்லும் காலிஃபிளவர்த் தோட்டங்கள். சேலையோடு வாசலுக்கு வந்து குப்பை வாளி வைத்தவள் அந்தத் தெருவிலேயே நான் ஒருத்திதான்.

என் கணவர் அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். இலங்கையிலிருந்து வந்த சில மாதங்களிலேயே அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று தடவை இயந்திரத்தின் உதவியால் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். நகரத்து ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி தந்து, இயந்திரத்தையும் கொண்டுவந்து எங்கள் வீட்டின் ஓரத்து அறையில் பொருத்திப் பூட்டித் தந்தார்கள். அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்து, தேநீர் குடித்துவிட்டு, கதிரையில் சாய்ந்து கையை நீட்டுவார். நான் ஊசி ஏற்றுவேன். இரத்தம் குழாய் வழியே போய்ச் சுத்தமாகித் திரும்பிக்கொண்டிருக்க, அவர் மற்றக் கையால் பிள்ளைகளின் கொப்பி திருத்துவார். ஊசியைக் கண்டாலே தலை சுற்றுகிற நான் இதைச் செய்தேன் என்றால் என் அக்கா இன்றும் நம்பமாட்டாள்.

இதை ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்பது அவர் கட்டளை. பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் நோயாளி என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். ஊசித் தழும்பு தெரியாமலிருக்கக் கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். எனக்கும் அதில் மறுப்பில்லை. வீட்டு வருத்தத்தை வெளியில் சொன்னால் சனத்தின் வாயும் படும், கண்ணும் படும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான்.

அந்தக் குளிர்காலத்தில் மின் நிலையத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மின்சாரம் வரும், போகும். ஒரு மாலை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. இயந்திரமும் நின்றது. அவருடைய இரத்தம் கொஞ்சம் குழாய்க்குள் நிற்கிறது! மின்சாரம் நின்றால் கைப்பிடியைச் சுற்றி இரத்தத்தை உடம்புக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். டோர்ச் லைட்டைப் பல்லால் கவ்விக்கொண்டு சுற்றினேன், சுற்றினேன், தோள்மூட்டு கழன்று விழுகிறமாதிரிச் சுற்றினேன்.

"மெல்லச் சுத்துமப்பா, உது ஆட்டுக்கல் இல்லை," என்றார் அவர், அந்த நிலையிலும் சிரித்துக்கொண்டு.

ஊசியைக் கழற்றிக் கட்டுப் போட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. இந்தச் செய்தி ஆஸ்பத்திரிக்குப் போனதும் அவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மின்சாரம் நின்றால் கைகொடுக்க வீட்டில் வேறு வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழையபடி ஆஸ்பத்திரிக்கு வந்துதான் சிகிச்சை எடுக்க வேண்டும். அங்கே பகல் நேரத்தில்தான் இடம் இருந்தது. வாரத்தில் மூன்று பகல் போனால் எந்தப் பள்ளிக்கூடம் வைத்திருக்கும்? அவருக்கு வகுப்பறைதான் மூச்சு. அது போனால் இயந்திரம் இருந்தும் பயனில்லை என்று எனக்குத் தெரியும். வரப்போகிற பள்ளி விடுமுறை முடிவதற்குள் ஏதாவது ஏற்பாடு செய்கிறோம் என்று தவணை வாங்கிக்கொண்டேன்.

ஏற்பாடு என்ன, ஜெனரேற்றர்தான்! மூடப்பட்ட ஒரு கோழிப் பண்ணையிலிருந்து பழையது ஒன்று கிடைத்தது. காஸ் சிலிண்டரில் ஓடுவது. குட்டி யானை அளவு. விற்றவர் ஒருமுறை ஓட்டிக் காட்டினார். அது இருமி, உறுமி, ஓடத் தொடங்கியதும் நான் அந்தப் பண்ணையில் நின்று கை தட்டினேன். இனி எந்த வேலைநிறுத்தம் வந்தால் என்ன என்று எனக்கு ஒரே துள்ளல். வீட்டுக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் போட வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

அனுமதி என்று ஒன்று இருப்பது அதன் பிறகுதான் தெரிந்தது. கவுன்சிலின் அனுமதி வேண்டும். மின்சாரக் கந்தோரின் அனுமதி வேண்டும். காஸ் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து ஒப்பமிட வேண்டும். கவுன்சிலில் கேட்டால் முதலில் காஸ்காரரிடம் போ என்றார்கள். காஸ்காரர் மின்சாரக் கந்தோரைக் காட்டினார். மின்சாரக் கந்தோர் கவுன்சிலைக் காட்டியது. கோயில் பிரகாரத்தைச் சுற்றுகிறமாதிரி நான் வலம் வந்துகொண்டே இருந்தேன். கார் ஓட்டப் பழகிய புதிது வேறு. அரசாங்க அலுவலகங்களுக்கு அலைந்தே நான் நன்றாக ஓட்டப் பழகினேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு அந்த அலைச்சல் பிடித்திருந்தது! மின்சாரக் கந்தோரில் ஒருவர் படம் கீறி விளக்கினார். தெரு மின்சாரத்தையும் வீட்டு ஜெனரேற்றரையும் பிரிக்க ஒரு மாற்றுச் சுவிட்ச் வேண்டும், அது இல்லாவிட்டால் நம் வீட்டு மின்சாரம் தெருக் கம்பியில் ஏறி, தூணில் நின்று திருத்துகிறவரைக் கொன்றுவிடும் என்றார். எனக்கு மேல் கூசியது. அன்று வீட்டுக்கு வந்து, குசினியில் கரண்டியையும் அகப்பையையும் வைத்து என் கணவருக்கு அதைப் பாடமாக நடத்தினேன். "நாளைக்கு என்ரை வகுப்பை நீரே எடும்," என்றார் அவர்.

கவுன்சிலில்தான் சிக்கல். வரவேற்பு மேசையில் இருந்த பெண் எதற்கு ஜெனரேற்றர் என்று கேட்டாள். வீட்டுப் பாவனைக்கு என்றேன். மற்றவர்கள் மெழுகுதிரி கொளுத்திச் சமாளிக்கிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன என்கிறமாதிரி ஒரு பார்வை பார்த்தாள். பெரிய எஞ்சின், சத்தம் போடும், எனவே அயல் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

எங்களுக்கு ஒரு பக்கம்தான் அயல். மறுபக்கம் வெறும் நிலம். அயலில் இருந்தது ஓர் இத்தாலியக் குடும்பம், பூக்கோவாத் தோட்டக்காரர்கள். அந்த வீட்டு அம்மா என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். வேலிக்கு மேலால் பூக்கோவா தருவாள், நான் வடை கொடுப்பேன். அவளுக்கும் எனக்கும் ஆங்கிலம் இரவல் மொழி. இரண்டு பேரும் கையாலும் கண்ணாலும் பேசியதை நான் எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

"எஞ்சின் என்னத்துக்கு?" என்று கேட்டாள்.

"கரண்ட் போனால் பிரிட்ஜ் நிண்டுபோகுது. ரீவியும் பார்க்க ஏலாது," என்றேன் நான்.

அவள் முகம் சுருங்கியது. "நாங்கள் விடியமுன்னம் எழும்பிச் சந்தைக்குப் போறனாங்கள். நீங்கள் ரீவி பார்க்க நாங்கள் நித்திரை முழிக்கிறதோ? எங்கட பக்கம் வையாதே," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபம்! அவள் தந்த பூக்கோவாவைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்தது. உன் பக்கம் வேண்டாம் தாயே, எனக்கு மறுபக்கம் இருக்கிறது என்று முடிவு செய்தேன். வெறும் நிலத்துப் பக்கம், இயந்திரம் இருக்கும் அறையின் சுவரோடு ஒட்டினாற்போல வைத்தால் வயரும் சின்னது, சம்மதமும் தேவையில்லை. என் கணவர் கணித வாத்தியாரல்லவா, அடிமட்டம் வைத்து அழகாக ஒரு படம் கீறித் தந்தார். கவுன்சில் அதை ஏற்றுக்கொண்டது. வேலையாட்கள் வந்து சீமெந்துத் தளம் போட்டு, சிலிண்டர்களைச் சங்கிலியால் சுவரோடு கட்டி, வயரும் இழுத்து முடித்தார்கள். மிஞ்சியது காஸ் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து ஒப்பமிடுவது மட்டும்தான். விடுமுறை முடிகிற வாரத்தில், ஒரு காலையில் வருவதாகச் சொன்னார்.

புது இயந்திரம் வீட்டுக்கு வந்திருக்கிறது. பூசை செய்யாமல் முதல்முறை ஓட்டுவதா? நடக்கிற காரியமா? அப்போது மெல்பேர்ணில் எங்களுக்குக் கோயில் கிடையாது. என் கோயில் குசினி அலுமாரியின் மேல்தட்டுத்தான். அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய கற்பூரமும் சாம்பிராணியும் இந்த நாளுக்காகவே காத்திருந்தமாதிரி இருந்தன. நிறைகுடத்துக்கு மாவிலை கிடைக்கவில்லை. இத்தாலியக்காரியின் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த வாசனை இலைக் கொப்பில் நான்கு இலையைக் கிள்ளினேன். அவளோடு கோபம், அவள் மரத்தோடு என்ன கோபம்?

"யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்திலை நேரம் பார்க்கிறீர். வெரிபீச் சூரியனுக்கு அது தெரியுமே?" என்று என் கணவர் அறைக்குள்ளிருந்து சீண்டினார். அன்று அவருக்கு உடம்பு சற்றுச் சோர்வு. கதிரையில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் பேசாமல் படியுங்கோ," என்றேன்.

எஞ்சினுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சட்டியில் தணல் போட்டுச் சாம்பிராணி தூவி, தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் மனுசனைக் காப்பாற்றப் போகிற தெய்வமே என்று சிலிண்டரைச் சுற்றித் தட்டைக் காட்டினேன். இரண்டாவது சுற்றில் பின்னால் ஓர் அலறல் கேட்டது.

காஸ் இன்ஸ்பெக்டர்! சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார். காஸ் சிலிண்டரைச் சுற்றி ஒரு பெண் நெருப்பை ஆட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டால் எந்த இன்ஸ்பெக்டர்தான் அலறமாட்டார்? அணை, அணை என்று கத்தியபடி அவர் ஓடிவந்தார். நான் பதற்றத்தில் நிறைகுடத்தைத் தூக்கித் தட்டிலும் தணலிலும் ஊற்றினேன். தேங்காய் உருண்டோடியது. கற்பூரம் அணைந்தது. சாம்பிராணிச் சட்டியோ பாதி நனைந்து முன்னையைவிடப் பத்து மடங்கு புகையை எழுப்பியது. புகை சுவரோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் அறைக்குள்ளிருந்து என் கணவர் இருமுகிற சத்தம் கேட்டது. "ஏனப்பா, அறைக்குள்ளை ஏன் சாம்பிராணி போடுறீர்?"

நான் திகைத்துப் போனேன். குளிருக்காக அந்த அறையின் ஜன்னலைக் காலையில் நான்தான் இறுகச் சாத்தினேன். பிறகு எப்படிப் புகை உள்ளே போனது? அண்ணாந்து பார்த்தேன். அந்தக் காலத்து வீடுகளின் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, காற்றுப் போகச் சின்னச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். சாம்பிராணிப் புகை புகைபோக்கிக்குள் இழுபடுகிறமாதிரி அந்தத் துளைகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. என் கணவர் கீறிய அழகான படத்தில் அந்தத் துளைகள் இல்லை. நாங்கள் இருவரும் அதைப் பொருட்டாகவே நினைக்கவில்லை.

இன்ஸ்பெக்டரும் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவதை மறந்துவிட்டுக் கிட்டப் போனார். எஞ்சினின் புகைக் குழாயைத் தொட்டார், மேலே துளையைக் காட்டினார், இந்த எஞ்சின் கக்கும் நஞ்சுக்கு மணம்கூடக் கிடையாது என்று மட்டும் சொன்னார்.

மின்சாரம் நிற்கிற ஒரு குளிர்கால மாலையை நினைத்துப் பார்த்தேன். மூடிய அறை. ஊசியோடு கதிரையில் அவர். பக்கத்தில் நான். வெளியே எங்களைக் காப்பாற்ற வந்த எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, அதன் நஞ்சுக் காற்று சத்தமில்லாமல் எங்கள் தலைக்கு மேலால் இறங்கிக்கொண்டிருக்கும். சாம்பிராணி மணத்ததால் அவர் இருமினார். அது மணக்காதே!

இதற்குள் வேலியைத் தாண்டி ஒரு தண்ணீர்க் குழாய் பாய்ந்து வந்தது. பின்னாலேயே இத்தாலியக்காரி. அலறலைக் கேட்டு, புகையையும் கண்டு வீடு பற்றுகிறது என்று நினைத்துவிட்டாள். எஞ்சினை நனைத்தாள், இன்ஸ்பெக்டரை நனைத்தாள், என்னை நனைத்தாள். உள்ளே ஆள் இருமுகிற சத்தம் கேட்டதும் குழாயைப் போட்டுவிட்டு, என் கணவரை இழுத்துக்கொண்டு வர வீட்டுக்குள் ஓடினாள். அவளைத் தடுக்க நான் பின்னால் ஓடினேன். முந்திக்கொண்டு அறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

கதிரையில் அவர். சட்டைக் கை மடித்திருந்தது. தழும்புகள் எல்லாம் வெளியே. பக்கத்தில் இயந்திரம், குழாய்கள், ஊசிப் பெட்டிகள். நாங்கள் இவ்வளவு காலம் மூடி மூடி வைத்ததெல்லாம் அவள் கண் முன்னால் விரிந்து கிடந்தது.

அவள் சிலுவை இட்டுக்கொண்டாள். அவரைப் பார்த்தாள், இயந்திரத்தைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்தான் அதிகம்.

"பிரிட்ஜுக்கு எண்டாய்! ரீவிக்கு எண்டாய்!"

என் கணவர்தான் சொன்னார், தான்தான் சொல்ல வேண்டாம் என்றது என்று. சொல்லிவிட்டு, மடித்த சட்டைக் கையை இறக்காமல் அப்படியே இருந்தார். அது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வெளியே இன்ஸ்பெக்டர் தலையைத் துடைத்துக்கொண்டு, இந்த இடத்துக்கு அனுமதி தர முடியாது என்றார். தளத்தை வேறு பக்கம் மாற்ற வேண்டும். வேறு பக்கம் என்றால் ஒரே பக்கம்தான், எங்கள் குசினிக்குப் பின்னால், இத்தாலியக்காரியின் வேலியோரம். அங்கே சுவரிலிருந்து தள்ளி வைக்கத் தாராளமாக இடம் இருந்தது. ஆனால் அவர்களுடைய படுக்கை அறை ஜன்னல் அந்த வேலியைப் பார்த்துத்தான் இருந்தது. விடுமுறை முடிய இன்னும் சில நாள்தான். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறதே என்று நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டு நின்றேன். அவளிடம் மறுபடி எந்த முகத்தோடு கேட்பது?

நான் கேட்கவே இல்லை. அவளே இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேலியோரம் நிறுத்தினாள். காலால் மண்ணைத் தட்டி, "இஞ்சை வையுங்கோ," என்றாள்.

"சத்தம் கேட்குமே, உங்கட நித்திரை..." என்று இழுத்தேன் நான்.

"கேட்கட்டும்! கேட்டால் உன்ரை மனுசன் இருக்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டு நான் நித்திரை கொள்ளுவன். இருட்டிலை சத்தம் கேட்காட்டித்தான் எனக்கு நித்திரை வராது."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டு பேரும் தெப்பலாக நனைந்து நின்றதில் எது கண்ணீர் எது தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு நடந்த வேகம் இருக்கிறதே! இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டுத் தொலைபேசியிலிருந்தே கவுன்சிலைக் கூப்பிட்டு, இது ஒரு நோயாளியின் உயிர்க் காரியம் என்று விளக்கினார். என்னை மெழுகுதிரிப் பார்வை பார்த்த அதே பெண், சம்மதக் கடிதத்தை நேரே கொண்டுவாருங்கள், இன்றே எடுத்துப் பார்க்கிறேன் என்று சொன்னாளாம். கடிதத்தோடு போனபோது, முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று என்னையும் ஒரு பிடி பிடித்தாள். இத்தாலியக்காரியின் கணவர் தோட்டத்து ட்ரக்ரரைக் கொண்டுவந்து, குட்டி யானையைச் சங்கிலியால் கட்டி மறுபக்கம் இழுத்தார். மின்சாரவேலைக்காரரும் காஸ் பூட்டுகிறவரும் திரும்ப வந்தார்கள். எல்லாருக்கும் சோறும் கறியும் சமைத்துப் போட்டேன். உறைப்புத் தாங்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டே இரண்டாம் முறையும் கேட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் இரண்டாம் தடவை வந்தபோது வாசலிலேயே நின்று, இன்றைக்கு நெருப்பு உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். எல்லாவற்றையும் அளந்தார், குழாய்ப் பூட்டுகளை முறுக்கிப் பார்த்தார். அத்தனை தண்ணீர் பட்டும் எஞ்சினில் நான் வைத்த குங்குமப் பொட்டு மங்கலாக அப்படியே இருந்தது. அதை அழிக்கச் சொல்வாரோ என்று பார்த்தேன். விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒப்பமிட்டார்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியது. என் கணவர் தலைமை ஆசிரியரிடம் தானே போய்ச் சொல்லிவிட்டார். ஒருவரும் ஒதுக்கவில்லை. சிகிச்சை உள்ள நாட்களில் கடைசிப் பாடத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அவ்வளவு காலமும் வெயிலில் வெந்தது வீணாய்ப் போச்சே என்று அவரே சிரித்தார்.

பிறகு ஒருநாள் பொழுது சாய்கிற நேரம், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, தெரு முழுவதும் இருண்டது. "பயப்பிடாதையும். போய் உம்மடை யானையை எழுப்பும்," என்றார் அவர். கைப்பிடியைச் சுற்ற இந்தமுறை அவரே தன் மற்றக் கையை நீட்டினார். நான் வெளியே ஓடி, மாற்றுச் சுவிட்சைத் திருப்பி, பொத்தானை அழுத்தினேன். அது இருமியது, உறுமியது, ஓடத் தொடங்கியது! எங்கள் ஓரத்து அறை ஜன்னலில் வெளிச்சம் வந்தது. இருண்ட தெருவில் அந்த ஒரு ஜன்னல்தான்.

வேலிக்கு அப்பால் இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஓடுது! ஓடுது!" என்று அவள் கத்தினாள். ஒரு சட்டியை எடுத்துத் தட்டினாள். நானும் இந்தப் பக்கம் நின்று, "ஓம், ஓடுது! ஓடுது!" என்று கத்தினேன். இரண்டு பைத்தியக்காரிகள்!

அந்தக் குடும்பம் பின்னர் தோட்டத்தை விற்றுவிட்டுப் போய்விட்டது. ஜெனரேற்றரும் இல்லை. வெரிபீயில் பூக்கோவா இருந்த இடமெல்லாம் வீடுகள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நாங்கள் சொல்லுவோம், ஆனால் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழ மட்டும் வெட்கப்படுவோம். இன்றும் யாரிடமாவது உதவி கேட்கப் போகும்போது என் வாய் முதலில் பிரிட்ஜ், ரீவி என்று ஏதாவது சாட்டுச் சொல்லத்தான் பார்க்கும். அப்போது மனதுக்குள் மறுபடி நனைந்த சேலையோடு அந்த வேலியோரம் நிற்கிறேன் நான், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.